சட்டமன்றத்தில் அமளி நடந்த நாளில் எதைப் பார்க்க வேண்டும்

எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. அதன்மேல் இருப்பது தரைப்பாலம். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் பாலம் மூழ்கிவிடும், பிள்ளைகள் வீட்டோடு இருந்துவிடுவார்கள். உயர்மட்டப் பாலம் கேட்டு ஊரே கையெழுத்துப் போட்டு எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தோம். அவரும் அதைச் சட்டமன்றத்தில் கேள்வியாகக் கொடுத்தார். கேள்வி எடுத்துக்கொள்ளப்படும் நாளும் தெரிந்தது. அன்று சாயங்காலம் டீக்கடைத் தொலைக்காட்சி முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். பேரவையில் அமளி, உறுப்பினர்கள் வெளியேற்றம் என்று செய்தி ஓடியது. பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் 22 ஆண்டுகள் ஊர்ப்புற நூலகராக இருந்தவள். மறுநாள் நூலகத்துக்கு வந்த நாலு நாளிதழ்களையும் வரி விடாமல் படித்தேன். எல்லாவற்றிலும் அமளிதான். மூன்று வாரம் கழித்து எம்.எல்.ஏ. அலுவலகத்தில் அன்றைய வினாப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் கேள்வி பட்டியலில் இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர் அந்த நேரத்தில் அவையில் இல்லை. அவர் கட்சி உறுப்பினர்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். பதில் பிறகு எழுத்தில் வந்தது: நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும். "எந்த ஆண்டு பரிசீலிப்பீர்கள்?" என்று எழுந்து கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. எந்தக் கட்சி, யார் ஆட்சி என்று எழுதப்போவதில்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் வெளியேற்றியும் இருக்கிறார்கள், வெளியேறியும் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து நோட்டு போடுகிறேன். நீங்களும் போடலாம். அதற்கான வழியைச் சொல்கிறேன்.

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டம், அன்றைக்கு நிரலில் இருந்தது. இரண்டாவது, அவையில் நடந்தது. மூன்றாவது, நடக்காமல் போனது. தொலைக்காட்சியும் சமூக ஊடகமும் இரண்டாவது கட்டத்தை மட்டும்தான் தரும், அதிலும் பாதியைத்தான் தரும். மற்ற இரண்டையும் நாம்தான் தேடி எழுத வேண்டும்.

கூட்டத்தொடருக்கு முன்பே செய்ய வேண்டியது

தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு ஓர் ஆண்டு ஒழுங்கு உண்டு. ஆண்டின் முதல் கூட்டம் ஆளுநர் உரையோடு தொடங்கும். அது அரசியலமைப்புச் சட்டத்தின் 176ஆவது பிரிவு. அப்புறம் பட்ஜெட். 2021 ஆகஸ்டிலிருந்து பொது பட்ஜெட்டுக்கு மறுநாள் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் வாசிக்கும் வழக்கம் வந்தது. அதன்பிறகு துறைவாரியான மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பணம் கேட்டு அவையின் ஒப்புதல் பெறுவது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்று 174ஆவது பிரிவு சொல்வதால், ஆண்டின் பிற்பகுதியிலும் ஒரு சின்னக் கூட்டமாவது நடக்கும்.

எத்தனை நாள் நடத்துவது, எந்த நாளில் எந்தத் துறை என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்கிறது. அந்தப் பட்டியல் நாளிதழில் வரும், பேரவையின் இணையதளத்திலும் கிடைக்கும். அதை வெட்டி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்கள் ஊர்ப் பிரச்சினை எந்தத் துறை என்று பார்த்து அந்தத் தேதியை வட்டமிடுங்கள். பாலம் என்றால் நெடுஞ்சாலைத் துறையா, ஊரக வளர்ச்சித் துறையா என்று முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். நாங்கள் இதிலேயே ஓராண்டைத் தொலைத்தோம். சாலை ஊராட்சி ஒன்றியத்துடையது, நாங்கள் நெடுஞ்சாலைத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மானியக் கோரிக்கை வரும் நாளில் அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அவையில் வைக்கப்படும். அது தமிழிலேயே இருக்கும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எந்தத் தொலைக்காட்சி விவாதத்தைவிடவும் பயனுள்ள ஆவணம் அது என்பது என் அனுபவம். போன ஆண்டு சொன்னது, செய்தது, செலவான பணம் எல்லாம் அதிலே இருக்கும். முழுதும் படிக்க முடியாவிட்டாலும் உங்கள் மாவட்டத்தின் பெயரைத் தேடிப் படியுங்கள்.

ஒரு நாள் எப்படி ஓடுகிறது

காலையில் சபாநாயகர் ஒரு திருக்குறளும் அதன் பொருளும் சொல்லித் தொடங்குவார். அவையில் பேசியதைப் பதிவு செய்யும் அவைக் குறிப்பில் அவரைப் பேரவைத் தலைவர் என்றே எழுதுவார்கள், தேடும்போது இது நினைவிருக்கட்டும். மறைந்தவர்களுக்கு இரங்கல் இருந்தால் அது முதலில். முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்துப் பதில்தான். அடுத்து நேரமில்லா நேரம். திடீரென்று எழுந்த பிரச்சினைகளை அப்போது எழுப்புவார்கள். அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரின் கவனத்தைத் திருப்பும் கவன ஈர்ப்பும் அதையொட்டி வரும். பிறகு மசோதாக்கள், மானியக் கோரிக்கைகள்.

கேள்வி நேரம் 2022 ஜனவரி 6 அன்றுதான் முதல்முறையாக நேரலையில் வந்தது. அதற்கு முன் நாங்கள் வெட்டித் தொகுத்த காட்சியை மட்டும்தான் பார்த்தோம். நேரலை கிடைக்கிற நாளில் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கிப் பாருங்கள்.

பதில்களைக் கேட்கும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். "ஆவன செய்யப்படும்" என்றால் தேதியும் இல்லை, பணமும் இல்லை. "பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது" என்றால் ஒரு பொறியாளர் வந்து அளந்திருக்க வேண்டும். வந்தாரா என்று ஊரில் விசாரித்தால் அன்றே தெரிந்துவிடும். "நடப்பு நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்" என்றால் மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மார்ச் 31 வரை கேட்க நமக்கு உரிமை வந்துவிட்டது. இந்த நான்கையும் நோட்டில் நான்கு நிறத்தில் எழுதுகிறேன். கடைசி வகைக்குச் சிவப்பு.

பேரவை விதிகளில் 110ஆவது விதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்தில் அமைச்சர் ஓர் அறிக்கை படிக்கலாம், அதன்மேல் விவாதம் கிடையாது. 2011க்குப் பிறகு முதலமைச்சர் ஜெயலலிதா இந்த விதியின் கீழ் அறிவிப்பு மேல் அறிவிப்பாகப் படித்ததால் டீக்கடையில்கூட "நூற்றிப்பத்து" என்றால் எல்லாருக்கும் புரிந்தது. பின்வந்த முதலமைச்சர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். விவாதம் இல்லாததால் பணம் எங்கிருந்து வரும், எப்போது முடியும் என்று அந்த இடத்தில் யாரும் கேட்க முடியாது. ஆகவே 110இல் ஒன்று வந்தால் அன்றைக்கே பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டுவையுங்கள். அரசாணை எண் கிடைத்ததும் அங்கே எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்தும் அந்த இடம் காலியாக இருந்தால், அடுத்த கேள்விக்கான விஷயம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

அமளி வந்தால்

யார் கத்தினார், யார் மைக்கைப் பிடித்தார் என்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: எந்த விதியை வைத்துச் சண்டை? பெரும்பாலான அமளிக்கு உள்ளே ஒரு விதியோ மரபோ இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் இரண்டு தரப்பு சொல்வதையும் எடை போட முடியும்.

ஆளுநர் உரையையே எடுத்துக்கொள்வோம். அதை எழுதுவது அரசு, படிப்பது ஆளுநர். ஆங்கிலத்தில் அவர் படித்ததும் தமிழாக்கத்தைச் சபாநாயகர் படிப்பது இங்குள்ள வழக்கம். 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி அச்சிட்ட உரையில் சில பகுதிகளை விட்டுவிட்டுப் படித்தார். பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா, கலைஞர் பெயர்கள் வரும் இடமும் அதில் சேர்ந்திருந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எழுந்து, அச்சிட்ட உரை மட்டுமே அவைக் குறிப்பில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஆளுநர் தேசிய கீதத்துக்கு முன்பே வெளியேறினார். 2024 பிப்ரவரி 12 அன்று சில நிமிடங்களிலேயே படிப்பதை நிறுத்தினார், தமிழ் உரை முழுவதையும் சபாநாயகர் மு. அப்பாவு படித்தார். 2025 ஜனவரி 6 அன்று உரையைத் தொடங்காமலே போனார். தொடக்கத்தில் தேசிய கீதம் பாடவில்லை என்பது அவர் தரப்பு. தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம் என்பதே இந்த அவையின் மரபு என்பது அரசுத் தரப்பு.

இந்த மூன்று நாள்களிலும் தொலைக்காட்சியில் ஓடியது ஆளுநர் நடந்து போகும் காட்சி. நோட்டில் எழுத வேண்டியது வேறு. அமைச்சரவை ஒப்புக்கொண்ட உரையை மாற்ற ஆளுநருக்கு அதிகாரம் உண்டா, கடைசியில் அவைக் குறிப்பில் ஏறியது எது? முதலாவது அரசியல் சட்டக் கேள்வி. இரண்டாவதுதான் வரலாற்றில் நிற்கும். அப்புறம் அச்சிட்ட உரையை எடுத்துப் படித்துவிடுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு அதில் ஒரு வரி இருந்திருக்கும், ஆளுநர் நடந்து போன காட்சியில் அது மறைந்திருக்கும்.

2017 பிப்ரவரி 18 இன்னொரு பாடம். எடப்பாடி கே. பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரிய நாள். எதிர்க்கட்சி கேட்டது ரகசிய வாக்கெடுப்பு. சபாநாயகர் ப. தனபால் மறுத்தார். அமளி, ஒத்திவைப்பு, மறுபடி அமளி, தி.மு.க. உறுப்பினர்கள் அவைக்காவலர்களால் வெளியேற்றம். கிழிந்த சட்டையோடு வெளியே வந்த மு.க. ஸ்டாலினின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பிறகு உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. அவையின் மொத்த இடம் 234. இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், வாக்களிக்கும் நேரத்தில் எத்தனை பேர் அங்கே இல்லை என்பது ஏறத்தாழத் தெரியும். சாதாரண நாள்களில் குரல் வாக்கெடுப்புதான். "ஆம்" என்போர், "இல்லை" என்போர் என்று சத்தத்தை வைத்து முடிவு செய்வார்கள், யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர் பதிவாகாது. ஆகவே எண்ணி எடுத்த வாக்கெடுப்பு எப்போது நடந்தாலும் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள்.

கேள்வி நேரத்தை ஒத்திவைக்கக் கோரும் அமளி அடிக்கடி வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மற்ற அலுவல்களை நிறுத்திவிட்டு அதை உடனே விவாதிக்க வேண்டும் என்று அ.தி.மு.க. கறுப்புச் சட்டையில் வந்து கேட்டது. கேள்வி நேரம் முடிந்த பிறகுதான் என்பது சபாநாயகரின் நிலை. வெளியேற்றங்கள் நடந்தன. ஜூன் 26 அன்று அந்தத் தொடர் முடியும்வரை அ.தி.மு.க. உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அத்தனை சாவுகளைவிட அவசரமான அலுவல் எது என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. அதே சமயம் கேள்வி நேரம் போனதால் பாலத்தை இழந்த ஊர்க்காரி நான், சபாநாயகரின் பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். மக்களவைத் தேர்தலால் தள்ளிப்போன மானியக் கோரிக்கைகள் எல்லாம் அந்தக் குறுகிய தொடரில்தான் வந்தன, ஒரே நாளில் பல துறைகள். கடைசி நாள்களில் பிரதான எதிர்க்கட்சி உள்ளே இல்லை. எந்தெந்தத் துறையின் பணம் அப்போது நிறைவேறியது என்று முதல் பக்கத்தில் ஒட்டிய பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சில சண்டைகளை இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விடலாம். எதிர்க்கட்சித் துணைத் தலைவர் இருக்கை யாருக்கு என்று அ.தி.மு.க. 2022 அக்டோபரில் எழுப்பிய பிரச்சினை அப்படிப்பட்டது. 2024 பிப்ரவரியில் இருக்கை மாறியதோடு அது முடிந்தது.

சில நாள்களைப் பற்றி இன்றுவரை இரண்டு கதைகள் உண்டு. 1989 மார்ச் 25, முதலமைச்சர் கருணாநிதி பட்ஜெட் வாசிக்க எழுந்த நாள். அவையில் கைகலப்பு நடந்தது, எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா தலைவிரி கோலமாக வெளியே வந்தார். யார் தொடங்கினார்கள், அவர் சேலை இழுக்கப்பட்டதா என்பதில் இரு தரப்பும் எதிரெதிராகவே சொல்லிவந்திருக்கின்றன. இப்படிப்பட்ட நாளுக்கு என் வழக்கம் இது. எதிரெதிர்க் கட்சிகளைச் சார்ந்த இரண்டு பத்திரிகைகளை அருகருகே வைத்து, இரண்டிலும் இருப்பதை மட்டும் மையால் எழுதுவேன். ஒன்றில் மட்டும் இருப்பதைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் பத்திரிகையின் பெயரைப் போடுவேன்.

எழுதும்போதும் பகிரும்போதும்

அவையில் பேசிய ஒரு சொல்லைச் சபாநாயகர் அவைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லியிருந்தால், அதை முகநூலில் போட்டுப் பரப்பாதீர்கள். சட்டமன்றத்துக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 194ஆவது பிரிவின் கீழ், தன்னை அவமதிப்பவர்களைத் தண்டிக்கும் சிறப்புரிமை உண்டு, அது பத்திரிகைக்காரர்களையே சிறைக்கு அனுப்பிய வரலாறு இங்கே இருக்கிறது. 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் சிறைக்கு அனுப்பப்பட்டார். 2003 நவம்பரில் தி இந்து நாளிதழைச் சேர்ந்தவர்களுக்குப் பேரவை 15 நாள் சிறைத்தண்டனை விதித்தது, உச்ச நீதிமன்றம் தடுத்தது. உறுப்பினர்கள்மீதும் இந்த உரிமை பாயும். தடையை மீறிக் குட்கா விற்கப்படுவதைக் காட்ட 2017 ஜூலையில் தி.மு.க. உறுப்பினர்கள் பொட்டலங்களை அவைக்குள் கொண்டுவந்தார்கள். அதற்காகப் பேரவையின் உரிமைக் குழு அவர்களுக்கு அனுப்பிய நோட்டீஸை 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். சபாநாயகரின் முடிவு தவறு என்று நினைத்தால் எந்த விதிப்படி தவறு என்று எழுதுங்கள்.

கடைசி நாளை விட்டுவிடாதீர்கள்

கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்கள் வரிசையாக நிறைவேறும். எல்லாரும் களைத்திருப்பார்கள், செய்தியாளர்களும்தான். 2023 ஏப்ரல் 21 அப்படி ஒரு நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியின் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த வெளிநடப்பு இல்லாதிருந்தால் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? வெளிநடப்பையெல்லாம் நாடகம் என்று தள்ளுபவர்களிடம் நான் இந்த நாளைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

நிறைவேறியதும் கதை முடியாது. மசோதா ஆளுநரிடம் போக வேண்டும். ஆளுநர் திருப்பி அனுப்பிய 10 மசோதாக்களை 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றினார்கள். அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று அரசியல் சாசன அமர்வு கருத்துச் சொன்னது. ஆகவே மசோதாவின் பெயருக்கு நேரே நான்கு தேதிகளுக்கு இடம் விடுங்கள்: அறிமுகம், நிறைவேற்றம், ஒப்புதல், அரசிதழ். கடைசித் தேதி விழும்வரை அது நடைமுறைக்கு வராது.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முறை நேரிலும் போய்ப் பாருங்கள். உங்கள் எம்.எல்.ஏ. மூலம் பார்வையாளர் அனுமதிச் சீட்டுக்குக் கேட்கலாம். புனித ஜார்ஜ் கோட்டையின் அந்த அவை தொலைக்காட்சியில் தெரிவதைவிடச் சின்னது. நான் போன அன்று எனக்கு வியப்பாக இருந்தது சத்தம் இல்லை, சத்தம் அடங்கிய பிறகு அரைவாசி இருக்கைகள் காலியாகக் கிடந்ததுதான். பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் இருந்தால் அவை நடக்கலாம். மேலே இருந்து தலைகளை எண்ணினேன், எண்ணியதை வெளியே வந்ததும் கையில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் பாலம் இன்னும் தரைப்பாலம்தான். ஆனால் இரண்டாம் முறை கேள்வி போனபோது எம்.எல்.ஏ.விடம் துணைக்கேள்வியையும் எழுதிக் கொடுத்தோம். பழைய பதிலின் தேதி, மூழ்கிய நாள்களின் கணக்கு, பள்ளி வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கை, எல்லாம் ஒரே தாளில். அன்று அமளி இல்லை. அவர் எழுந்து அந்தத் தாளைப் பார்த்தே படித்தார். "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் ஓடைக்கரையில் இரண்டு பேர் நாடா பிடித்து அளந்தார்கள். தேதியை எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த மானியக் கோரிக்கைக்கான பட்டியல் வந்ததும் ஊரக வளர்ச்சித் துறை நாளை வட்டமிட வேண்டும்.